காந்தாரி கட்டிய துணி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் அண்மையில் பள்ளி மாணவர்களுக்கு நடந்த நாடகப் போட்டி பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். பார்வையற்ற சிறுவன் ஒருவன் ஊராரின் ஏளனத்தையெல்லாம் தாண்டி மாவட்ட ஆட்சியராகும் கதை முதற்பரிசு பெற்றதாகவும், பார்த்தவர்கள் கண்கலங்கியதாகவும் செய்தி கூறியது. அந்தப் பார்வையாளர்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகள் நன்றாகவே நடித்தார்கள். அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல இக்கடிதத்தை எழுதவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்து, அவற்றில் கடைசிப் பதினான்கு ஆண்டுகள் வகுப்பறையிலேயே நாடகம் நடத்திப் பார்த்தவள் என்ற முறையில், அந்த மேடையில் யார் யார் இல்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். கதாநாயகனுக்கு உடன்பிறந்தவர் யாரும் இல்லை. அவனைக் கைபிடித்துப் பள்ளிக்கு அழைத்து வரும் நண்பன் இல்லை. அம்மா இருந்தாள், ஆனால் அழுவதற்கு மட்டுமே இருந்தாள். கறுப்புக் கண்ணாடி அணிந்து அந்தச் சிறுவனாக நடித்த மாணவனுக்குப் பார்வையில் குறையில்லை. அதே பள்ளியில் படிக்கும் பார்வை மங்கிய மாணவன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் அமர்ந்து, மேடையில் என்ன நடக்கிறது என்று பக்கத்துப் பையனிடம் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைய நாளில் நான் பார்த்த நல்ல நாடகம் அந்த இருவருக்கும் இடையில் நடந்ததுதான்.

ஊனமுற்றோருக்கான 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அவற்றை 21 ஆக உயர்த்தியது. மருத்துவக் குழு பரிசோதித்து, குறைபாடு நாற்பது விழுக்காடு, அறுபது விழுக்காடு என்று சான்றிதழ் எழுதித் தருகிறது. சலுகைகளுக்கு அந்தக் கணக்கு வேண்டும். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் சான்றிதழ் அளப்பது ஒருவருடைய உடலை மட்டுமே. அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும், அவருக்கும் பக்கத்து வீட்டாருக்கும், அவருக்கும் கட்டிய மனைவிக்கும் இடையில் அந்தக் குறைபாடு எப்படி வந்து உட்கார்ந்திருக்கிறது என்பதை அளக்க ஒரு படிவமும் இல்லை.

நம் வீடுகளில் உறவுமுறைக்கு முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொள்வதைத் தாங்களும் கேட்டிருப்பீர்கள்: நொண்டிச் சித்தப்பா, ஊமை அத்தை, செவிட்டுத் தாத்தா. அரசு ஆவணங்களில் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அந்தச் சொல் மேடைக்கும் விண்ணப்பத்துக்கும் வந்து சேர்ந்ததே தவிர, கல்யாணப் பத்திரிகை எழுதும்போது யார் யாருக்கு வைக்க வேண்டும் என்று வீட்டில் பேசும் பேச்சுக்குள் இன்னும் வரவில்லை. அந்தப் பழைய பெயர்கள் முழுவதும் இழிவு என்றும் சொல்லிவிட முடியாது. எங்கள் தெருவில் ஊமை அத்தை என்று ஒருவரைக் கூப்பிட்ட நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகளும் அவருடைய கைஜாடையை முழுவதும் அறிந்திருந்தோம். 'வாய் பேச இயலாதவர்' என்று மரியாதையாகச் சொன்ன பெரியவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மரியாதையும் நெருக்கமும் எப்போதும் ஒரே வீட்டில் குடியிருப்பதில்லை. இத்தகைய சிக்கலைக் கட்டுரைப் போட்டியால் தொட முடியாது. நாடகத்தால் முடியும், ஆனால் பரிசுக்காக மேடையேறும் நாடகத்தால் முடியாது.

நான் சொல்வது படைப்பாக்க நாடகம் எனப்படும் முறை. இதில் எழுதிய வசனம் கிடையாது, திரை கிடையாது, பார்வையாளர் கிடையாது. வகுப்பில் இருக்கும் எல்லாரும் நடிப்பவர்களே. ஆசிரியர் ஒரு சூழலைக் கொடுக்கிறார். பிள்ளைகள் அதற்குள் போய் அந்த நேரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள். நடுவில் நிறுத்தி, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டு, இன்னொருவரை அந்த இடத்தில் நிற்கவைத்து, மறுபடியும் செய்து பார்க்கிறோம். அமெரிக்காவில் 1920-களில் வினிஃபிரட் வார்ட் என்ற ஆசிரியை இதைப் பள்ளிப் பிள்ளைகளிடையே முறையாக நடத்தத் தொடங்கினார். இங்கிலாந்தில் இதை வேறொரு தளத்துக்குக் கொண்டுபோனவர் டாரதி ஹீத்கோட். 1926-இல் பிறந்த இவர் பதினான்கு வயதில் யார்க்ஷயரின் கம்பளி ஆலையில் தறி நெய்யப் போனவர். பத்தொன்பது வயதில் நாடகப் பள்ளியில் சேர்ந்து, பின்னாளில் நியூகாசிலில் ஆசிரியர்களுக்கே ஆசிரியராக விளங்கினார். சேலம் அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். அதனால்தானோ என்னவோ, அந்த அம்மையாரிடம் எனக்குத் தனிப் பற்று. ஆசிரியரும் ஒரு பாத்திரமாக உள்ளே இறங்கிவிட வேண்டும், வெளியே நின்று கட்டளையிடக் கூடாது என்பது அவர் காட்டிய வழி.

இது எங்கிருந்தோ வந்த சரக்கு என்று யாரும் தள்ளிவைக்க வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் சேலம் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. நெசவாளியும் வெள்ளி வேலைக்காரரும் ஓர் இரவு முழுவதும் சாமிகளாக வண்டியின் மேல் நின்று வருவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு, இன்னொருவராக நின்று பார்ப்பது என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3 அன்று பல பள்ளிகளில் ஒரு பயிற்சி நடக்கிறது. பிள்ளைகளின் கண்ணைத் துணியால் கட்டி, வராந்தாவில் பத்தடி நடக்கச் சொல்வார்கள். காலில் கயிற்றைக் கட்டி மாடிப்படி ஏறச் சொல்வதும் உண்டு. பிறகு எல்லாரும் வட்டமாக அமர்ந்து, "எவ்வளவு கஷ்டம்!" என்று சொல்ல வேண்டும். நானும் ஆரம்பத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் இதைச் செய்தவள்தான். அதில் பிள்ளைகள் அறிந்துகொண்டது பயத்தை மட்டுமே. ஐந்து நிமிடம் கண்ணைக் கட்டிக்கொண்டவனுக்குத் தடுமாற்றம்தான் தெரியும். பிறவியிலிருந்து பார்வையில்லாதவர் காலடிச் சத்தத்தையும் சுவரின் குளிர்ச்சியையும் வைத்து எப்படி நடமாடுகிறார் என்பது தெரியாது. பயந்த பிள்ளை மறுநாள் அந்தப் பார்வையற்ற தோழியிடம் முன்னைவிடச் சற்றுத் தள்ளியே நிற்கும். அன்றைய விழாவில் "பொறியின்மை யார்க்கும் பழியன்று" என்ற குறளையும் தவறாமல் சொல்வார்கள். பரிமேலழகர் அங்கே பொறி என்பதற்கு விதி என்றே பொருள் சொல்கிறார் என்பதை ஒரு தமிழாசிரியையின் குறிப்பாக இங்கே சேர்த்துவிடுகிறேன், மன்னிக்கவும்.

இந்தக் கண்கட்டு வித்தையின் பயனின்மையை எனக்கு உணர்த்தியது ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. ஏற்காட்டில், காபித் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளில் பெரும்பாலோர் அம்மலையிலேயே வாழும் மலையாளி என்ற பழங்குடியினர். தோட்டக் கூலிகளின் பிள்ளைகள் மற்றவர்கள். பாரதக் கூத்துக் கதைகள் அவர்களுக்கு ஓரளவு பழக்கம். காந்தாரியின் திருமணத்தைக் கருவாகக் கொடுத்தேன். கணவனுக்கு இல்லாத பார்வை தனக்கும் வேண்டாம் என்று அவள் கண்ணைக் கட்டிக்கொள்ளும் இடத்தில், நான் ஹீத்கோட் வழியில் தாதியாக உள்ளே இறங்கி, "எவ்வளவு பெரிய பதிவிரதை!" என்று வியந்தேன். திருதராஷ்டிரனுக்குத் தங்கையாக நின்ற அந்தப் பெண் சட்டென்று என்னை மறித்தாள்: "இவங்களும் கட்டிக்கிட்டா, அண்ணனுக்கு யாரு பார்த்துச் சொல்றது?" பாரதக் கதையை நாற்பது ஆண்டுகள் கேட்ட எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை. டிசம்பர் 3-இல் நாங்கள் கட்டிய துணிகளெல்லாம் காந்தாரி கட்டிய துணிதான் என்பது அன்று விளங்கியது. அதன் பிறகு என் வகுப்பில் யார் கண்ணையும் நான் கட்டவில்லை.

அடுத்த வாரம் அவர்களே கதையை நீட்டினார்கள். போர்க்களத்தில் நடப்பதை அரண்மனையில் இருக்கும் குருட்டு அரசனுக்குச் சஞ்சயன் எடுத்துச் சொல்லும் இடம். எட்டாம் வகுப்பில் பார்வை மிகவும் மங்கிய மாணவன் ஒருவன் இருந்தான். புத்தகத்தை மூக்குக்கு இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்துத்தான் படிப்பான். தானே அரசனாக இருக்கிறேன் என்று அவனாகக் கேட்டுப் பெற்றுக்கொண்டான். சன்னலுக்கு வெளியே மூடுபனி. சஞ்சயனாக நின்ற பையன் அந்தப் பனியையே போர்க்களமாக வைத்துக்கொண்டு, எடுத்த எடுப்பில் "நம்ம பக்கம்தான் ஜெயிக்குது ராஜா" என்றான். பத்தாம் நாள் பீஷ்மர் விழுந்ததையும் சொல்லவில்லை. "கொஞ்சம் அடிபட்டிருக்கு, அவ்வளவுதான்" என்றான். அரசன் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து, "எங்க அம்மாவும் இப்படித்தான் சொல்லும். பரீட்சைப் பேப்பரைப் பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னு. நீ இருக்கிறதைச் சொல்லு" என்றான். சஞ்சயன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு, "நூறு பேர்ல பாதிப் பேர் இல்ல ராஜா" என்றான். "எந்தப் பாதி?" என்று கேட்டான் அரசன்.

அந்தக் கேள்விக்கு எந்த மேடையிலும் பரிசு கிடைக்காது. ஆனால் பார்வையுள்ள ஒருவர் பார்வையற்ற ஒருவருக்கு உலகத்தைச் சொல்லும்போது, அன்பின் பெயரால் எதை மறைக்கிறார், மறைப்பது கேட்பவருக்குத் தெரிந்துவிட்டால் இருவருக்கும் இடையில் என்ன ஆகிறது என்பதை அந்த வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்தது. அந்த மாணவன் தன் தாயைப் பற்றி நேரடியாகப் பேசும்படி நான் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டான். அரசன் என்ற போர்வை இருந்ததால் பேசினான். வேண்டாத இடத்தில் மறுபடியும் அரசனாகிக்கொள்ளவும் அவனால் முடிந்தது.

இந்தப் போர்வை எவ்வளவு அவசியம் என்பதை நான் தவறு செய்துதான் கற்றேன். முன்பு வேறொரு பள்ளியில், காதொலிக் கருவி அணிந்த மாணவி ஒருத்தியை, "உன் கதையையே நடித்துக் காட்டலாமே" என்று வகுப்பு நடுவில் நிற்கவைத்தேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தேன். அவள் இரண்டு நிமிடம் நின்றாள். கருவியைக் கழற்றிப் பாவாடைப் பைக்குள் போட்டாள். நாங்கள் யாரும் பேசுவது தனக்குக் கேட்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். அடுத்த ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. ஆசிரியர் மருத்துவர் அல்லர், மனநல ஆலோசகரும் அல்லர். பிள்ளை தானாகக் கொண்டுவராத எதையும் நாடகத்தின் பெயரால் பிடுங்கக் கூடாது. பயிற்சி இல்லாமல் இதைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள் இந்த ஒன்றையாவது நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

மலைப் பள்ளியில் பார்த்த இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத தம்பியை அண்ணன் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் வருவான். அந்தச் சரிவில் சக்கர நாற்காலி பத்தடி போகாது. அண்ணன் காபிப் பழம் பறிக்கப் போகும் நாள்களில் தம்பிக்கும் விடுப்புதான். எல்லாரும் அண்ணனைப் பாராட்டினார்கள். தலைமையாசிரியர் சுதந்திர தினத்தில் பேனா பரிசளித்தார். ஒரு நாள் வகுப்பில், 'தூக்குகிறவரும் உட்கார்ந்திருப்பவரும்' என்று மட்டும் சொல்லி ஜோடி ஜோடியாக நடிக்க விட்டபோது, அந்தத் தம்பி பத்துப் பேரையும் வரிசையில் நிறுத்தி, "இன்னிக்கு யார் மேல ஏறணும்னு நான்தான் சொல்லுவேன்" என்றான். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தன் முதுகை வேண்டாமென்று சொல்லவும் தம்பியால் முடியும் என்பது அவனுக்குப் புதிய செய்தி. மறு வாரத்திலிருந்து மூன்று பையன்கள் முறைவைத்துத் தூக்கினார்கள். அண்ணன் மட்டும் சில நாள்கள் என்னிடம் பேசவில்லை.

என் வீட்டுக் கதையும் இதில் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் பிறருடைய பிள்ளைகளை மட்டும் காட்சிக்கு வைத்தவளாவேன். என் தம்பிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. இரும்புப் பட்டைகளும் தோல் வாரும் கொண்ட கேலிப்பர் அணிந்து நடப்பான். சிமெண்டுத் தரையில் அது ஒரு தட்டு, ஓர் இழுப்பு என்று மாறி மாறிக் கேட்கும். இந்தியாவில் இயற்கையாகப் பரவிய இளம்பிள்ளைவாதம் கடைசியாக 2011-இல் பதிவானது. அவனுடைய தலைமுறையோடு அந்தச் சத்தம் நம் வீடுகளில் இல்லாமல் போகும். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் அவனைப் பின்கட்டு அறையில் இருத்தினோம். குடும்பத்தில் இப்படி ஒருவர் இருந்தால் பிறக்கும் பிள்ளைக்கும் வருமோ என்று கேட்பார்கள் என்பது வீட்டுப் பெரியவர்களின் பயம். தொற்றுநோய் பரம்பரையாக வராது என்று சொல்லிப் புரியவைக்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. பஜ்ஜியும் சொஜ்ஜியும் தட்டில் வந்தன. பின்கட்டிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டு மணி நேரம் அவன் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை என்பது அவர்கள் புறப்பட்டுப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பல ஆண்டுகள் கழித்து, சேலத்துப் பள்ளி ஒன்றில் 'வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள்' என்ற சூழலைக் கொடுத்தேன். குடும்பத்தில் ஒரு பெண்ணுக்குக் கால் நடக்க வராது என்பது மட்டுமே நான் சொன்ன விவரம். ஆறு குழுக்களில் நான்கு, யாரும் சொல்லாமலே, அந்தப் பெண்ணை உள் அறைக்கு அனுப்பிவிட்டன. பதினொரு வயதுப் பிள்ளைகள்! ஒரு குழுவில் மட்டும் உள்ளே இருந்தவள், "தண்ணி வேணும்" என்று கத்திக்கொண்டே இருந்தாள். விருந்தாளியாக வந்தவள் எழுந்துபோய்த் தானே தண்ணீர் கொடுத்தாள். அன்று மாலை இதைத் தம்பியிடம் சொன்னேன். சிவதாபுரத்தில் வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் வேலை பார்க்கிறான். ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "கதவைச் சாத்தினது யாருன்னு நடிச்சாங்களாக்கா?" என்று கேட்டான். நடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அதைச் சாத்தியது நான்தான். மறு வகுப்பில் கதவைச் சாத்துகிறவரை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் நடத்தினோம். அதில் அக்காவாக நானே நின்றேன்.

இனி நான் கேட்க வந்தவை. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. மேடையே பார்த்திராத எத்தனையோ பிள்ளைகளை அது மேடையேற்றியிருக்கிறது. ஆனால் போட்டி என்று வந்துவிட்டால், நேரம் குறைவு, நடுவரைக் கலங்கடிக்க வேண்டும், கடைசியில் வென்றாக வேண்டும். அந்த அவசரத்தில் ஊனம் என்பது தாண்டிவிட வேண்டிய ஒரு தடையாகச் சுருங்கிவிடுகிறது. கூடவே வாழும் மனிதர்களுக்கு இடமில்லாமல் போகிறது. எனவே போட்டிக்கு வெளியே, வாரத்துக்கு ஒரு பாடவேளை நாடகத்துக்கு வேண்டும். பள்ளிப் பாடத்திட்டங்களுக்கு வழிகாட்டிய 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் இசை, நடனம், காண்கலை ஆகியவற்றோடு நாடகத்தையும் பத்தாம் வகுப்புவரை பாடத்தில் சேர்க்கச் சொன்னது. நான் பணியாற்றிய எந்தப் பள்ளியிலும் நாடகத்துக்கென்று ஓர் ஆசிரியரைப் பார்த்ததில்லை. காலாண்டுத் தேர்வு நெருங்கினால் நாடக வகுப்புத்தான் முதலில் கணக்குப் பாடத்துக்குப் போகும்.

வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பள்ளிக்கு வரும் நாளில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையைத் தனியே அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுப்பதே பெரும்பாலும் நடக்கிறது. அந்த வருகைகளில் ஒன்றையாவது வகுப்பு முழுவதற்குமான நாடக வேளையாக மாற்றி, வகுப்பாசிரியரும் சிறப்புப் பயிற்றுநரும் சேர்ந்து நடத்தலாம். இதற்குப் பெரிய செலவில்லை. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கல்வியோடு விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இப்பிள்ளைகளுக்கு மற்றவர்களுக்கு இணையான வாய்ப்புத் தரச் சொல்கிறது. இப்பிள்ளைகளைப் பற்றிய நாடகத்தில் அவர்களை முன்வரிசையில் உட்காரவைத்துக் கைதட்டச் சொல்வது அந்த வாய்ப்பாகாது. பார்வையற்ற அரசனாக மட்டுமன்றிச் சஞ்சயனாகவும் அவர்கள் நிற்க வேண்டும்.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் டிசம்பர் 3 அன்று தாங்கள் வெளியிடும் சிறப்புப் பக்கத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன். பதக்கத்தோடோ பட்டத்தோடோ தனியே நிற்கும் ஒருவரின் படம்தான் ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. வரும் டிசம்பரில் அந்தப் படத்துக்குள் அவருடைய அக்காவையோ, நண்பரையோ, மனைவியையோ சேர்த்து நிற்கவையுங்கள். செய்தியாளர் இருவரிடமும் தனித்தனியே பேசி, இருவர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.